செக்கை மாற்றித் தர பாங்க் மறுத்தால் என்ன செய்வது?

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வன்னியில் கன பேரின் சட்டைப் பையில் காசுக்குப் பதிலாக ஒரு செக் இருக்கும், மில்காரரோ நெல் ஏற்றிப்போன வியாபாரியோ எழுதித் தந்தது. அதைக் கொண்டு பாங்குக்குப் போனால் "மாத்தேலாது ஐயா, தந்தவரிட்டயே கேளுங்கோ" என்று கவுண்டரில் திருப்பித் தள்ளிவிடுவார்கள். நாங்களும் பேசாமல் பஸ் ஏறிவிடுவோம். ஏறுவதற்கு முன்னம் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதலில் செக்கை நன்றாகப் பாருங்கள். மேல் மூலையில் இரண்டு சரிவுக் கோடு இழுத்திருந்தால் கவுண்டரில் காசாகத் தரமாட்டார்கள், கணக்கில் போட்டுத்தான் எடுக்க வேண்டும், இதற்குப் பாங்கோடு சண்டை பிடித்துப் பயனில்லை. திகதி இன்னும் வரவில்லையா, ஆறு மாதம் தாண்டிவிட்டதா, எழுத்தில் ஒரு தொகையும் இலக்கத்தில் வேறொன்றுமா, வெட்டித் திருத்தியிருக்கிறதா? அப்படியானால் எழுதியவரிடம் புதிதாக ஒன்று வாங்குவதுதான் கெதியான வழி.

பெயரையும் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பெரிய தலையிடியே இதுதான். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து பிறகு ஒவ்வொன்றாக எடுத்த ஆவணங்களில், தகப்பன் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் ஏறிப்போனவர்கள் எத்தனையோ பேர். ஒரு சிவசுப்பிரமணியத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள்! இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து முகாமையாளரிடம் கொடுத்துக் கேளுங்கள். செக் எழுதுபவரிடம், பாஸ்புக்கில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

இதில் ஒன்றும் பிழையில்லை, ஆனாலும் மறுக்கிறார்கள். சரி, காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு பிறகு எதற்கும் உதவாது. கணக்கில் போட்டுத் திரும்பிய செக் என்றால், செக்கின் படமும் காரணமும் அச்சிட்ட ஒரு தாள் தருவார்கள். அதில் 'ரெஃபர் டு ட்ரோவர்' என்று இருந்தால் பெரும்பாலும் எழுதியவரின் கணக்கில் காசில்லை. 'பேமென்ட் ஸ்டொப்ட்' என்றால் அவரே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டிலும் பாங்கைத் திட்டி ஒன்றும் ஆகாது. பாங்கின் கடமை செக் எழுதிய தன் வாடிக்கையாளருக்குத்தான், வாங்கிய உங்களுக்கு அல்ல. ஆகவே அந்தத் தாளின் போட்டோ கொப்பியோடு, காசைத் தரும்படி எழுதியவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள், தாமதிக்க வேண்டாம். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றம். அவர் மசியாவிட்டால் சட்டத்தரணியிடம் போகலாம்.

பிழை பாங்கில்தான் என்றால், அதாவது உங்கள் சொந்தக் கணக்கில் காசிருந்தும் தர மறுத்தாலோ, போட்ட செக்கைக் காரணமில்லாமல் இழுத்தடித்தாலோ, முகாமையாளருக்குக் கடிதம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், நீட்டி முழக்கத் தேவையில்லை:

"இன்ன திகதியில் இன்ன இலக்கச் செக்கை உங்கள் கிளையில் கொடுத்தேன். பணம் தரப்படவில்லை. மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் அறியத் தரவும்."

இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் 'கிடைத்தது' என்று சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, அந்தச் சீல்தான் முக்கியம். பதில் வராவிட்டால் பாங்கின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் 1935க்கு அழையுங்கள், அது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பாங்குகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும், கொழும்பில் உள்ள நிதி ஒம்புட்ஸ்மனிடமும் கட்டணமில்லாமல் முறையிடலாம். எங்கே போனாலும் "முதலில் பாங்கிடம் கேட்டீர்களா?" என்பார்கள், அப்போது அந்தச் சீல் வைத்த பிரதியின் கொப்பியைக் கொடுங்கள், அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.