பிக்கப் வண்டியின் ஷாக் அப்சார்பரை மாற்றுதல்: வண்டி தரையில் நிற்கும்போதே இறுக்குங்கள்

பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் சுமையைத் தாங்குபவை லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். ஷாக் அப்சார்பரின் வேலை வேறு. பள்ளத்தில் இறங்கி ஏறிய பட்டை அதன் பிறகும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்காதபடி, உள்ளிருக்கும் எண்ணெயைப் பிஸ்டனின் சிறு துளைகள் வழியே தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவதே அது. ஆகவே, தடித்த ஷாக் போட்டால் இன்னும் நான்கு மூட்டை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதித்த சுமை அதனால் கூடுவதில்லை.

கம்பெனியில் பொருத்தி வந்த ஷாக் ஒரே நாளில் செத்துப்போவதில்லை என்பதால், ஓட்டுநர் தம்மை அறியாமலேயே அதன் தளர்ச்சிக்குப் பழகிவிடுகிறார். காலி வண்டி மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளிப் பக்கவாட்டில் விலகுவதும், டயரின் ஓரம் இடைவிட்டு இடைவிட்டுக் குழி குழியாகத் தேய்வதும் நல்ல அடையாளங்கள். காலி வண்டியை மேலிருந்து அழுத்திப் பார்க்கும் சோதனை கார்களுக்கு ஓரளவு உதவும். பிக்கப்பின் கனத்த பட்டைகள் கை அழுத்தத்திற்கு அசைவதே அரிது. மோசமான சாலையில் சிறிது நேரம் ஓட்டிவிட்டு உடனே இறங்கி, இரு பக்க ஷாக்குகளின் உடலையும் விரல் நுனியால் கவனமாகத் தொட்டுப் பார்ப்பதையே நான் அதிகம் நம்புகிறேன். வேலை செய்யும் ஷாக் சுட்டிருக்கும்; அருகிலிருப்பது சுட்டிருக்க, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதை ஐயப்பட வேண்டும். உள்ளே போய்வரும் தண்டின் பக்கம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தெரிந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து உடல் முழுதும் புழுதி அப்பியிருந்தால் எண்ணெயை உள்ளே தடுத்து நிறுத்தும் சீல் போய்விட்டது என்று பொருள்.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வாங்கும்போது, முழுவதும் நீட்டிய நிலையிலும் முழுவதும் அமுக்கிய நிலையிலும் ஒரு முனைக் கண்ணிலிருந்து (போல்ட் நுழையும் வளையம்) மறு முனைக் கண் வரை உள்ள நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பல பிக்கப்களில் ஒரு ஷாக் ஆக்ஸிலுக்கு (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு) முன்னும் மற்றொன்று பின்னும் சாய்ந்து நிற்கும்; பிரேக் பிடிக்கும்போதும் வேகமெடுக்கும்போதும் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு துள்ளாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் பிறகு குழப்பம் வராது.

பின் ஷாக்கை மாற்றப் பெரும்பாலும் சக்கரத்தைத் தூக்கவே வேண்டியதில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்துவிட்டால் அடியில் படுத்தபடியே வேலை பார்க்கலாம். இடம் போதாமல் தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி கொடுங்கள். இல்லாவிட்டால் ஷாக்கைக் கழற்றியதும் ஆக்ஸில் கீழிறங்கிப் பிரேக் ஹோஸை இழுத்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

முந்தின இரவே போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். டீசல் டாங்கியும் பிரேக் குழாயும் அருகிலேயே இருப்பதால், அசையாத நட்டை நெருப்பு வைத்து இளக்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மேல் முனை தண்டாக வரும் வகையில், நட்டைத் திருப்பும்போது தண்டும் கூடவே சுற்றும். அப்போது நுனியில் உள்ள தட்டையான இடத்தில் ஸ்பேனர் பிடிக்க வேண்டுமே தவிர, பளபளக்கும் குரோம் தண்டைக் குறடால் கவ்வக்கூடாது. நகம் தட்டுகிற அளவு கீறல் விழுந்தாலும், மேலும் கீழும் போய்வரும் ஒவ்வொரு முறையும் அது சீலை அராவிக்கொண்டே இருக்கும்.

புதிய ஷாக் ஒரு குழாய்க்குள் இன்னொன்று இருக்கும் இரட்டைக் குழாய் வகையாக இருந்தால், கடையில் படுத்துக் கிடந்தபோது உள் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம். தண்டு மேலே இருக்கும்படி நிமிர்த்தி மெல்ல முழுவதும் இழுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்து மெல்ல முழுவதும் அமுக்குங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்யும்போது, இடையில் வெற்றாக நழுவும் உணர்வு மறைந்து, ஒரே சீரான எதிர்ப்பு கையில் தெரியும். அதன் பிறகு படுக்க வைக்காமல் உடனே பொருத்துங்கள்.

முதலில் மேல் முனையையும் பிறகு கீழ் முனையையும் மாட்டி, நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிடுங்கள். கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் சுழல்வதில்லை. இரும்புக் குழலோடு ஒட்டியபடி முறுகித்தான் அசைவுக்கு இடம் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகிய நிலைக்குப் போய், பிறகு எப்போதும் அப்படியே இருக்கும். ஒரு பட்டறையில் அவசரமாக அப்படி இறுக்கித் தந்த ஒரு ஜோடி, எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கசியாமல், சில மாதங்களிலேயே புஷ் கிழிந்து கடகடவென்று அடிக்கத் தொடங்கியதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஆகவே நான்கு சக்கரமும் தரையில் நிற்க, வண்டியைச் சில முறை ஆட்டிவிட்டு, அந்த மாடலின் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

முன்பக்கம் வேறு கதை. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் போன்றவற்றின் இன்றைய மாடல்களில் முன் ஷாக்கைச் சுற்றியே காயில் ஸ்பிரிங் அமுங்கியபடி இருக்கும். நடுவிலுள்ள பெரிய நட்டை வீட்டில் திறந்தால் ஸ்பிரிங் பீறிட்டு ஆளையே வீழ்த்திவிடும். அந்த வேலையை ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியுள்ள பட்டறையில் கொடுத்து, முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஷாக்குகளுக்குள் அழுத்தமேற்றிய நைட்ரஜன் இருக்கக்கூடும் என்பதால், வெட்டவோ நெருப்பில் போடவோ செய்யாமல், அதைச் சொல்லியே காயலான் கடையில் கொடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு நட்டிலிருந்தும் பக்கத்து இரும்பு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அடியில் குனிந்து பாருங்கள். கோடு முறியாமல் நேராக இருந்தால் விட்டுவிடலாம். நட்டுப் பக்கக் கோடு நகர்ந்திருந்தால் மீண்டும் இறுக்க வேண்டும்.