வலிக்குத் தண்ணீர் ஊசி: வார்டில் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அம்மிணி, இன்னொரு ஊசி போட்டு உடு அம்மிணி, தாங்க முடியல." ஈரோட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த வார்டில், இடுப்பு எலும்பு முறிந்த ஆத்தா ஒருவர் இரவெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மூத்த சிஸ்டர் நார்மல் சலைனை, அதாவது மருந்தே இல்லாத உப்புநீரை, சிரிஞ்சில் இழுத்து, "வலி ஊசிங்க ஆத்தா" என்று போட்டார். ஆத்தா தூங்கிவிட்டார். "பாத்தியா, எல்லாம் நடிப்பு" என்றார் சிஸ்டர்.

பொய் சொன்னது ஒரு தவறு. நடிப்பு என்று முடிவுகட்டியது அதைவிடப் பெரிய தவறு. 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் ஆய்வு செய்தார்கள். மருந்தில்லாத ஊசியிலேயே வலி குறைந்தவர்களுக்கு, மார்ஃபின் என்ற வலி மருந்தின் வேலையைத் தடுக்கும் நாலக்சோனைக் கொடுத்ததும் வலி கூடிவிட்டது. சரியாகிவிடும் என்று நம்பும்போது உடம்பே வலி மருந்தைச் சுரக்கிறது என்பதற்கு அது முதல் தடயம். ஆத்தாவின் வலி நிஜம்தான். ஆனால் மறுநாள் ரவுண்ட்ஸில் அவருடைய மருந்தைக் குறைத்துவிட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

நிஜ மருந்தைப் பேசாமல் போட்டுவிட்டுப் போவதும் தவறுதான். நோயாளிக்குத் தெரியாமல் மெஷின் வழியாகச் செலுத்தும் வலி மருந்து, சொல்லிப் போடும் அதே மருந்தைவிடக் குறைவாகவே கேட்கிறது என்று இத்தாலியில் பெனடெட்டி குழுவினர் காட்டியிருக்கிறார்கள். எனவே கட்டிலருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். "இது வலிக்குத்தானுங்க, கொஞ்ச நேரத்துல கேக்கும், நான் திரும்ப வந்து பாக்கறனுங்க" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய்ப் பாருங்கள். பொய்யே இல்லாமல் நம்பிக்கையின் பலன் இதில் கிடைக்கும்.

பயமுறுத்தும் பேச்சு இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். 2010-இல் வெளியான ஆய்வொன்றில், பிரசவத்துக்கு முதுகில் மரப்பு ஊசி போட்டுக்கொண்ட 140 பெண்களில், "தேனீ கொட்டினாற்போல இருக்கும்" என்று கேட்டவர்கள் கூடுதல் வலி சொன்னார்கள். அதற்காகக் குழந்தையிடம் "வலிக்கவே வலிக்காது சாமி" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை கையை நீட்டாது.

அப்புறம், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி உடுங்க" என்று கேட்பவர்களைச் சமாதானப்படுத்தவென்று மட்டும் ட்ரிப் போட வேண்டாம். ஊசி குத்திய இடத்தில் சீழ் பிடித்தால் அந்தக் கஷ்டம் அவருக்குத்தான்.

நோயாளிக்குச் சொல்லாமல் சலைன் போடச் சொல்லி உத்தரவு வந்தால், ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சார்ட்டில் உண்மையில் போட்டது எதுவோ அதையே எழுதுங்கள்.