சீனி வருத்தம் உள்ளவர்களின் கை வலியும் விறைப்பும்: காரணத்தை இனங்காணும் முறை

சீனி வருத்தம் உள்ள ஒருவர் கை விறைக்கிறது என்று சொன்னால், "சீனி இருந்தால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வழக்கமாகிவிட்டது. என் தாயாருக்கு நாங்களும் இரண்டு வருடங்களாக அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். பெருவிரலின் அடிச்சதை வற்றி, தேங்காய் திருவும்போது பாதி கையிலிருந்து நழுவத் தொடங்கிய பிறகே, அவருடைய மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்டிருப்பது தெரியவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு நரம்புகளைப் பழுதாக்கும் என்பது உண்மை. ஆனால் அது மிக நீண்ட நரம்புகளை முதலில் தாக்குவதால், விறைப்பு கால்விரல்களில் தொடங்கி மேலேறி, ஏறக்குறைய முழங்காலை அடையும் காலத்திலேயே பொதுவாகக் கைவிரல் நுனிகளிலும் தோன்றுகிறது. ஆகவே கால்கள் நன்றாக இருக்கையில் கை மட்டும், அதிலும் ஒரு கை மட்டும் விறைக்குமானால், வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தேடத் தொடங்குமுன் அவசர நிலைமை இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கையிலோ தோளிலோ தாடையிலோ புதிதாக எழும் பாரமான நோவுடன் வியர்வை, மூச்சு வாங்குதல், ஓங்காளம், காரணமில்லாத களைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், அதை மாரடைப்பு என்றே கருதிச் செயற்பட வேண்டும். நீண்டகாலச் சீனி வருத்தம் இதயத்தின் உணர்வு நரம்புகளையும் மழுங்கச் செய்வதால், சிலருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வந்துவிடும். வாய்வு என்று எண்ணி, உள்ளியும் இஞ்சியும் அவித்துக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த மணித்தியாலங்களில் இழக்கும் இதயத் தசை திரும்ப வராது. ஒரு பக்கக் கை சடுதியாக விறைத்தோ தளர்ந்தோ போய், வாய் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட வேண்டியது என்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்சை உடனே அழையுங்கள். குருதியில் சீனி மிகக் குறைந்தாலும் பக்கவாதம்போலவே தோன்றக்கூடும். ஆகவே அம்புலன்ஸ் வரும்வரையில் குளுக்கோமீற்றரால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அவசரம் இல்லையென்றால் ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் மூன்று விடயங்களை எழுதிவாருங்கள்: எந்த விரல்கள், எந்த நேரம், அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது. "கை முழுக்க விறைக்கிறது" என்று சொல்பவர்கள்கூட ஊன்றிக் கவனித்தால், சுண்டுவிரல் மட்டும் தப்பியிருப்பதைக் கண்டுகொள்வார்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை விறைத்து, இரவில் எழுப்பிவிட்டு, கையை உதறினால் குறையுமானால், மணிக்கட்டின் குகைபோன்ற ஒடுங்கிய வழியில் நடு நரம்பு நெருக்குண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். இது சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவது. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டுகளை ஒரு நிமிடம் மடக்கி வைத்துப் பாருங்கள். அதே விரல்களில் விறைப்பு எழுந்தால் ஊகம் வலுப்படும். மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டியை ஆறு வாரங்களுக்கு இரவில் அணிந்தாலே பலருக்குத் தணியும். தணியாவிட்டாலும், பிடி தளர்ந்தாலும், பெருவிரலடிச் சதை வற்றினாலும் நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்துகைப் பரிசோதனையும் சிறு சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். வற்றிய சதை பின்னர் முழுமையாக மீளாது என்பதாலேயே இதைத் தாமதிக்கக் கூடாது என்கிறேன்.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் விறைத்தால், முழங்கையின் உட்புறத்தில் ஓடும் நரம்பைச் சந்தேகியுங்கள். மேசையில் முழங்கையை ஊன்றிக் கணக்கெழுதுபவர்களும், தொலைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுபவர்களும் அப்பழக்கத்தை விட்டாலே வித்தியாசத்தை உணர்வார்கள். கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து விரல்வரை மின்சாரம்போல நோவு பாய்ந்தால், காரணம் கழுத்து முள்ளெலும்பில் இருக்கக்கூடும்.

விறைப்பு இல்லாமல் மேற்கையில் நோவு மட்டும் இருப்பவர்கள் தோள்மூட்டைச் சோதிக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். நீங்களாகத் திருப்பினாலும் மற்றொருவர் மெதுவாகப் பிடித்துத் திருப்பினாலும் திரும்பாவிட்டால், அது உறைந்த தோளாக இருக்கலாம். ஒன்று முதல் மூன்று வருடங்கள் இழுக்கும் இவ்வருத்தத்தில், நோவுக்குப் பயந்து கையை அசைக்காமல் விட்டால் இறுக்கம் கூடும். முன்னால் குனிந்து, கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, கிணற்று வாளி ஆடுவதுபோலச் சிறு வட்டங்களாக ஆட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். தோளில் ஸ்டீரொயிட் ஊசி போடப்பட்டால் குருதிச் சீனி சில நாட்களுக்கு ஏறும் என்பதால், அந்நாட்களில் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். கும்பிடுவதுபோலக் கைகளைச் சேர்க்கும்போது உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டாதவர்கள் அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். அது தோலும் மூட்டுகளும் இறுகுவதன் அடையாளம்.

இரு கைகளும் சமமாக விறைக்குமானால் கால்களைச் சோதியுங்கள். கண்ணை மூடிப் படுத்திருங்கள். வீட்டில் ஒருவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை அழுத்தாமல் ஓரிரு விநாடி தொடட்டும். ஆறில் இரண்டையோ அதற்கு மேலோ உணராவிட்டால் நரம்புப் பாதிப்பு இருக்கக்கூடும். பல வருடங்களாக மெற்போமின் என்ற சீனி மாத்திரையைக் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் இதே விறைப்பு வரலாம். அது ஊசியாலோ மாத்திரையாலோ நிவர்த்திக்கக்கூடியது என்பதால், அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

இந்தப் பகுதிக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழுநோயாளருக்கென மாந்தீவில் வைத்தியசாலை அமைந்த மாவட்டம் மட்டக்களப்பு. அந்நோய் இங்கு இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொடுகை தெரியாவிட்டால், சீனியின் மேல் பழியைப் போடாமல் தோல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். ஆறு அல்லது பன்னிரண்டு மாத மருந்து அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்படுகிறது. வெட்கப்பட்டு ஒளித்து வைப்பவர்களுக்கே விரல்கள் மடங்கிப்போகின்றன.

கிளினிக் நாளில் நேரம் குறுகியது. ஆகவே கிளினிக் கொப்பியுடன் நீங்கள் எழுதிய பக்கத்தையும் நீட்டி, விரல்களைத் தொட்டுக் காட்டுங்கள். நோவுக்கெனக் கடையில் டைக்குளோபினக் போன்றவற்றை வாங்கித் தொடர்ந்து விழுங்க வேண்டாம். சீனியால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்தை அவை கெடுக்கும். நரம்பு நோவுக்கு அமிற்றிப்டிலின், பிரிகாபலின் போன்ற தனி மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியர் அளவு பார்த்துத் தருவார். பயத்தில் பட்டினி கிடந்து சீனியை ஒரேயடியாக இறக்கவும் கூடாது, ஏனெனில் திடீர் இறக்கமே சிலருக்கு நரம்பு நோவைக் கிளப்பிவிடும்.

உணர்ச்சி குறைந்த கைக்குச் சுடுதண்ணீர் ஒத்தடமோ சூடான எண்ணெயோ வைக்காதீர்கள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது தடித்த பிடிதுணியைப் பாவியுங்கள். மீன் வெட்டியபின்னும் வயலில் கதிர் அறுத்தபின்னும் விளக்கு வெளிச்சத்தில் இரு கைகளையும் விரல் இடுக்குவரை பாருங்கள், ஏனெனில் காயம் பட்டதை நோவு உங்களுக்குச் சொல்லாது.