பள்ளியில் செல்போன்: விதி வகுக்கும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரலாமா என்ற பேச்சு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்தால், கூட்டம் உடனே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறது. வகுப்பு நேரத்தில் மாணவர் கையில் செல்போன் இருக்கவே கூடாது என்பதில் ஆசிரியரான எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. ஆனால், திருப்பூர், பல்லடம் வட்டாரங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியதில் நான் கண்டது என்னவென்றால், ஜூன் மாதம் கண்டிப்போடு தொடங்கும் தடை தீபாவளிக்குள் தளர்ந்துபோவதற்குப் பிள்ளைகளின் பிடிவாதத்தைவிடப் பெரியவர்களாகிய நம்முடைய தவறுகளே பெரும்பாலும் காரணமாகின்றன.

முதல் தவறு, கொண்டுவருவதையும் பயன்படுத்துவதையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுவது. கொங்குப் பகுதியில் ஊருக்குள் இருக்கும் வீடுகளைப் போலவே தோட்டத்துக்குள் தனித்திருக்கும் வீடுகளான சாளைகளும் ஏராளம். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து, டவுன் பஸ் பிடித்து, நிறுத்தத்தில் இறங்கி, தோட்ட வேலிகளுக்கு இடையே போகும் இட்டேரி வழியே இருட்டில் நடந்து போகும் பெண் பிள்ளை வீட்டை அடையும்போது, ஒன்றரை ஷிப்டு பார்க்கும் தாய் தந்தையர் இன்னும் பனியன் கம்பெனியில்தான் இருப்பார்கள். அவர்களுக்குச் செல்போன் என்பது பிள்ளை வீடு சேர்ந்துவிட்டாளா என்று அறிய இருக்கும் ஒரே வழி. தில்லி உயர் நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஒரு வழக்கில், முழுத் தடை விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு ஏற்றதும் அன்று என்று கூறியது. இயன்ற பள்ளிகளில் காலையில் போனை ஒப்படைத்து மாலையில் பெற்றுச் செல்லலாம் என்றும், வகுப்பறையிலும் பள்ளி வாகனத்திலும் பயன்படுத்தக் கூடாது என்றும் அது வழிகாட்டியது. தமிழ்நாட்டிலோ, மாணவர்கள் செல்போன் கொண்டுவரவே கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை தொடர்ந்து கூறிவருகிறது. அதன்படி நடக்கும் பள்ளி, அந்த இட்டேரி வழிப் பயணத்துக்குப் பொறுப்பான ஒரு மாற்று ஏற்பாட்டையும் செய்துதர வேண்டும்.

அடுத்த தவறு பறிமுதலில் நடக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பைகளைச் சோதித்தபோது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கு நோட்டுக்குள் ஒரு செல்போன் இருந்தது. திரையின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. பின்மூடி கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். அதை எல்லோர் முன்பும் உயர்த்திக் காட்டி, பொதுத்தேர்வு முடியும்வரை திருப்பித் தர முடியாது என்று அறிவித்தார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர் அதைத் திறந்து படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்தப் பிள்ளையின் தாய் வேலைக்குப் போகாமல் வந்து நின்றார். “அது அவ போன் இல்லீங்க சார், என்ற போனுங்க. நாளைக்கு வேலை இருக்குதா இல்லீயான்னு காண்ட்ராக்டர் அதுலதானுங்க சொல்லுவாரு” என்றார். போனை அந்தப் பெண் ஏன் கொண்டுவந்தாள் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. முதல் நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் நாங்களே அனுப்பிய கணக்குகளை அவள் நோட்டில் எழுதி முடித்திருக்கவில்லை. பள்ளிக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று தாய்க்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். அந்த அறையில் நானும் இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

போனை வாங்கிவைப்பது தவறன்று. வாங்கும் முறையில்தான் கவனம் வேண்டும். மாணவர் கண்ணெதிரிலேயே அதை அணைத்து, உறையிலிட்டு, பெயரும் நேரமும் குறித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, அன்று மாலையோ மறுநாளோ பெற்றோரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிவைப்பதும், உடைப்பதும், கூட்டத்தில் அவமானப்படுத்துவதும் பிள்ளையைத் திருத்துவதில்லை. அடுத்த முறை இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கத்தான் கற்றுக்கொடுக்கின்றன. உள்ளே இருக்கும் படங்களையும் செய்திகளையும் எந்த ஆசிரியரும் திறந்து பார்க்கக் கூடாது. யாரையேனும் தவறாகப் படமெடுத்திருக்கிறார்கள் என்ற புகார் வந்தால், ஆதாரத்துக்காக என்று சொல்லி அந்தப் படத்தை மற்றோர் ஆசிரியருக்கு அனுப்புவது மிகப் பெரிய பிழை. சிறார்களின் ஆபாசப் படத்தைப் பிறருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படியே குற்றம். அத்தகைய குற்றம் தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். போனை அணைத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுப்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பதும்தான் அந்த நேரத்தில் செய்யத் தக்கவை.

அந்தப் பெண் பையில் போனை வைத்ததற்குக் காரணம் நாங்கள் அனுப்பிய வீட்டுப்பாடம் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பரில் மீண்டும் தொடங்கும் வரையிலான காலத்தில் பெரும்பாலும் செல்போனே கரும்பலகையாக இருந்தது; அப்போது வேறு வழியில்லை. பள்ளிகள் திறந்த பிறகும், இரவு ஒன்பது மணிக்குக் கேள்விகளைப் படமெடுத்து அனுப்பும் வழக்கம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. பகலில் போனைத் தொடாதே என்று சொல்லும் பள்ளி, இரவில் போனைத் தொட்டே ஆக வேண்டிய நிலைக்குப் பிள்ளையைத் தள்ளுவது எவ்வகையில் நியாயம்? ஊரக இந்தியாவில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரிடம் நடத்தப்பட்ட 2024ஆம் ஆண்டின் ‘ஏசர்’ எனும் கல்வி நிலை ஆய்வில், முந்தைய வாரத்தில் படிப்புக்காக ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 விழுக்காடு. கணக்குக்காகக் கையில் எடுத்த போன் கணக்கோடு நிற்பதில்லை. வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே பலகையில் எழுதி, நோட்டில் குறித்துக்கொள்ளச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஆசிரியர்கள் தம் போனை மேசைமேல் வைத்துக்கொண்டே மாணவருக்குத் தடை சொல்வதும் ஒரு தவறே. வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டியிருப்பது உண்மைதான். அதற்காகத்தான் எடுக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பதிவு முடிந்ததும் பைக்குள் வைத்துவிடலாம்.

தடையிடம் அது தர இயலாததை எதிர்பார்ப்பது மற்றொரு தவறு. இங்கிலாந்தின் நான்கு நகரப் பள்ளிகளை ஆராய்ந்த லண்டன் பொருளியல் பள்ளியின் 2015ஆம் ஆண்டு ஆய்வு, செல்போன் தடைக்குப் பிறகு படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண்ணே கூடுதலாக உயர்ந்ததாகவும், முன்னணி மாணவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை என்றும் கண்டது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் விசைத்தறித் தொழிலாளியின் பிள்ளையை நினைத்தால், தடையை ஆதரிக்க எனக்கு இந்த ஒரு செய்தியே போதும். ஆனால் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளின் 1,227 மாணவர்களிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், தடையுள்ள பள்ளி மாணவர்களுக்கும் தடையில்லாத பள்ளி மாணவர்களுக்கும் மனநலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரமும் குறையவில்லை. பள்ளித் தடை வகுப்பறையைக் காக்கிறது, அவ்வளவுதான். பள்ளியில்தான் கண்டிப்பாக இருக்கிறார்களே என்று பெற்றோர் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இரவு உறங்கும் முன் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும், அப்பாவின் போன் உட்பட, கூடமான ஆசாரத்திலோ சமையலறையிலோ சார்ஜில் கிடக்கட்டும். தலையணைக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கூட்டங்களில் யாரும் பேசாத தவறு இதுதான்: பேச வழி எதுவும் வைக்காமல் செல்போனைத் தடுப்பது. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், கட்டணத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் விசாரிக்கும் அளவுக்கு, என் பிள்ளை என்னிடம் தனியாகப் பேச எப்போது விடுவீர்கள் என்று விசாரிப்பதில்லை. அந்த வழி அடைபட்டால்தான் துணிப்பைக்குள் இரகசிய போன் நுழைகிறது. பள்ளி அலுவலகத்தில் மணி அடித்தால் எடுக்க ஆளுள்ள ஒரு தொலைபேசி இருக்க வேண்டும். காரணத்தை எல்லோர் முன்பும் சொல்லாமலே மாணவர் அதில் பேச முடிய வேண்டும். அதன் அருகே கல்வி உதவி எண்ணான 14417, குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். சிறப்பு வகுப்பு நடக்கும் நாளில், கடைசி மாணவியும் பேருந்து ஏறிவிட்டாள் என்று அவள் வீட்டுக்குச் சொல்லிய பிறகுதான் அந்த அறை பூட்டப்பட வேண்டும்.