மட்டக்களப்பு வீட்டு வைஃபையில் லேப்டொப்பை இணைக்கும் முன்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்திறங்கியதும் "வைஃபை இரிக்கு மகன், பாஸ்வேர்ட் தாறன்" என்பார் மாமி. வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: அது ஃபைபரா, சிம் ரவுட்டரா? நகரிலும் கல்லடிப் பக்கமும் ஃபைபர் எடுத்த வீடுகள் உண்டு. வாவி தாண்டி வவுணதீவு, கொக்கட்டிச்சோலை என்று படுவான்கரைக்குள் போனால் சிம் போட்ட 4ஜி ரவுட்டரைத்தான் அதிகம் காண்பீர்கள். பிள்ளைகளின் சூம் வகுப்பும், கட்டாரில் இருக்கும் மாமாவின் வீடியோ அழைப்பும் அந்த ஒரே மாத டேட்டாவில்தான் ஓடும்.

கனடாவின் அளவில்லா இணைப்பில் பழகிய லேப்டொப்புக்கு இது தெரியாது. இணைந்த கையோடு விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், ஃபோட்டோக்களை ஏற்றும். விடியுமுன் பல ஜிபி போய்விடும். மாமி வாய் திறந்து சொல்லமாட்டார், பேசாமல் ரீலோட் போடுவார். அதனால் இணைந்தவுடன் செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ரொபர்ட்டீஸைத் திறந்து, டேட்டாவை மிச்சம்பிடிக்கச் சொல்லும் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' போடுங்கள். புதிய மாக் என்றால் 'லோ டேட்டா மோட்'. ஃபைல்களைத் தானாக ஏற்றும் ஒன்ட்ரைவ், ஐகிளவுட் இரண்டையும் கனடா திரும்பும்வரை நிறுத்திவைக்கலாம்.

இணைப்பது சுலபம். பாஸ்வேர்டை மாற்றாத வீடென்றால் அது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பூச்சியத்தையும் ஓவையும் மாற்றி அடித்துவிட்டு ரவுட்டரைத் திட்டுவோர் நிறையப் பேர். ஒரே வீட்டில் இரண்டு பெயர் தெரிந்து, ஒன்று 5ஜி என்று முடிந்தால் அது ஃபோன் கம்பனிகளின் 5ஜி அல்ல, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை. கிட்ட இருந்தால் வேகம். கல்வீட்டின் பின்னறைக்கு 2.4 தான் எட்டும்.

ஃபோனுக்குத் தெரியும் வைஃபை லேப்டொப்புக்கு மட்டும் தெரியவில்லையா? வட அமெரிக்காவில் வாங்கிய சில கணினிகள் 2.4 அலைவரிசையின் உட்பிரிவுகளான சனல்களில் 11க்கு மேல் பார்க்காது. இங்கே ரவுட்டர் 12, 13இலும் நிற்கக்கூடும். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு ரவுட்டர் செட்டிங்கில் 1, 6, 11 சனல்களில் ஒன்றுக்கு மாற்றினால் தெரியும்.

வேலை கொண்டுவருபவர் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் எடுப்பது நல்லது. கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும். அப்போது ஃபோன் ஹொட்ஸ்பொட்தான் துணை. வயரில் இணைத்தால் லேப்டொப்பிலிருந்து ஃபோனுக்குச் சார்ஜும் ஏறும். அறுகம்பை கஃபே வைஃபையில் 'பப்ளிக் நெட்வேர்க்' என்றே தெரிவுசெய்யுங்கள், அங்குள்ள மற்றக் கணினிகளுக்கு உங்களுடையது தெரியாது. வங்கிக் கணக்கைப் பார்க்க உங்கள் சிம் இருக்கிறதே.