லோயர் ஆர்ம் போல்ட்டை எப்போது இறுக்குவது?

பழைய மாருதி 800 குழியில் இறங்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கீழ்க்கை) உள்முனையிலுள்ள ரப்பர் புஷ், சக்கரப் பக்க முனையிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் இரண்டையும் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்டு கொடுத்த பிறகே கீழே கை வையுங்கள்.

பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது. அது ஜாயின்ட் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் முழுதாக உருவ வேண்டும். அப்புறமும் ஜாயின்ட் வராவிட்டால் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிளவில் உளியைச் செருகி லேசாக விரியுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னைக் கழற்றினால், அதையே திரும்பப் போடாதீர்கள். புதிது சில்லறைக் காசுதான்.

வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஆர்மின் உள்பக்க போல்ட்டை முறுக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. வண்டியை இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் பாரம் தாங்கும்போதுதான் கடைசி இறுக்கு. பிறகு வீல் அலைன்மென்ட்.