உடைந்த பல்பும் உப்பிப்போன பெட்டரியும்

போன மாசம் எங்கள் தோட்டத்து லயத்துக் காம்பராவில் சுருள் பல்பு ஒன்று விழுந்து உடைந்தது. அம்மா உடனே விளக்குமாற்றைத் தூக்கினார். “கூட்டாதீங்கம்மா!” என்று தடுத்தேன்.

அந்த சி.எஃப்.எல் பல்புக்குள் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கூட்டினால் அது காற்றில் கிளம்பும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, 10, 15 நிமிஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்புறம் தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, தூளை டேப்பால் ஒற்றி எடுங்கள். ஈரக் கடதாசியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி உள்ள ஜேம் போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்கள். வெறுங்கை வேண்டாம்.

டோர்ச் பெட்டரியை விறகடுப்பில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெடிக்கும், புகையும் நஞ்சு. தண்ணீர் ஓடும் கானில் வீசுவதும் சரியில்லை. மேல் லயத்தில் வீசியது மழையோடு கீழ் லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குத்தான் வரும். உப்பிய போன் பெட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது.

பூச்சிமருந்து கேனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் டாங்கிலேயே ஊற்றி, கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

சேர்த்து வைத்த பல்பையும் பெட்டரியையும் குப்பையோடு கலக்காமல், மின்கழிவு எப்போது எடுப்பார்கள் என்று பிரதேச சபையில் கேட்டுத் தனியாகக் கொடுங்கள்.